கழுவிய பாதத்தைப் பார்த்தோமா?

 

அவசர அவசரமாக உளூச் செய்து குதிகாலை உலர விட்டுவிட்டவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த நிகழ்ச்சியை ஒவ்வோர் ஆண்டும் மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஹவுளின் கரையில் அவர்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் குதிகாலையும் விரலால் தொட்டு, ஈரம் பட்டிருக்கிறதா என்று சோதித்த பிறகே தொழுகைக்கு அனுப்புகிறோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகிறோம். ஈரத்தைப் பார்க்கப் பழகிய எங்கள் கண்கள், அந்தப் பாதத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகவில்லை. அந்தக் குறைக்கு எங்கள் மஹல்லா கொடுத்த விலையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரமளானில், அஸ்ர் தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசலின் மோதினார் எங்களிடம் வந்து உட்கார்ந்தார். இடது காலை மடக்கிக் காட்டி, "ஹஜ்ரத், இது என்னவென்று கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பாதத்தின் வெளி ஓரத்தில், குதிகாலுக்குச் சற்று முன்னால், உளுந்து அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் மங்கியும் இருந்தது. வலி இல்லை என்றார். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது என்றும் சொன்னார். அங்கே இருந்தவர்கள் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நாங்கள் இருவர். இருவரும் ஒரே குரலில், "பாய், இது தொழுகைத் தழும்பு. நாற்பது வருடம் அத்தஹிய்யாத்தில் இடது காலை மடக்கி உட்கார்ந்ததன் அடையாளம். மறுமையில் உங்களுக்குச் சாட்சி சொல்லும்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. கருஞ்சீரக எண்ணெய் தடவச் சொல்லி, ஓதி ஊதியும் அனுப்பினோம்.

அடுத்த ரமளானுக்கு இரண்டு மாதம் இருக்கையில், தொழுகை விரிப்பில் அவர் நின்ற இடத்தில் இரத்தக் கறை தெரிந்தது. யாரோ ஒருவர் கால் ஆணி என்றார். மருந்துக் கடையில் ஆணிப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார்கள். புண் பெரிதாயிற்று. கடைசியில் அவருடைய மகன் நகரத்துத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, நாங்களும் உடன் சென்றோம். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் அறுவை மருத்துவர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினார். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று வந்தது. நான்கு மில்லிமீட்டருக்கும் மேலாக ஆழம் போயிருந்தது. தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்தது வெறும் நெறி அன்று.

அறுவை செய்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் நோய் நுரையீரலுக்குப் போயிற்று. அவர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுச் சென்றுவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த ஒன்றரை ஆண்டில் அவர் எங்களிடம் பல முறை பேசினார். கட்டுப் போட்ட காலுக்கு மஸஹ் செய்வது எப்படி, நாற்காலியில் அமர்ந்து பாங்கு சொல்லலாமா என்றெல்லாம் கேட்டார். அன்று நாங்கள் சொன்ன தீர்ப்பைப் பற்றி மட்டும் ஒரு முறையும் பேசவில்லை. பேசியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் நாங்களும் இருந்தோம். அந்த இடது பாதத்தில் நீர் ஊற்றியபோதுதான் அதை முதன்முறையாக உற்றுப் பார்த்தோம்.

இந்த நோய் எது?

புற்றுநோயை அரபு மருத்துவ நூல்கள் ‘ஸரத்தான்’ என்று அழைத்தன. நண்டு என்று பொருள். உடலின் செல்கள் தம் வரம்பை மீறிப் பெருகி, நண்டுக் கால்களைப் போலப் பக்கத்துச் சதைக்குள் புகுந்து பற்றிக்கொள்வதால் வந்த பெயர். தோலில் தோன்றும் புற்றில் முக்கியமானவை மூன்று.

முதலாவது அடித்தளச் செல் புற்று. உலக அளவில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பெரும்பாலும் முகத்தில், முத்துப்போல் மினுங்கும் சிறு கட்டியாகவோ, பொருக்குத் தட்டி உதிர்ந்து மீண்டும் மீண்டும் கசியும் புண்ணாகவோ வரும். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனியாமல் விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும். இரண்டாவது செதிட்செல் புற்று. சொரசொரப்பான தடிப்பாக அல்லது ஓரம் தடித்த ஆறாத புண்ணாகத் தொடங்கும், நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது. மூன்றாவது மெலனோமா. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் செல்களில் பிறப்பது. மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு. உயிர் பறிப்பதில் முதலிடம்.

வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துவது முதல் இரண்டு வகைக்கும், வெள்ளையர்களிடம் வரும் மெலனோமாவுக்கும் தலையாய காரணம். அதனாலேயே வெளிர்ந்த தோலுடையோர் கடும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்நோயில் உலகில் முன்னிற்கின்றன. நம் தோலின் கருமை, அல்லாஹ் நமக்கு அளித்த குடை. அதன் நிழலில் இந்நோய் நமக்குக் குறைவாகவே வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் குறைவு என்பதை இல்லை என்று நாம் புரிந்துகொண்டதில்தான் கேடு விளைகிறது. நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வரும்போது, அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அந்த வகைக்கு வெயில் முதற்காரணம் அன்று. உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள் குத்திய தடம், இரத்தக் கட்டு, கால் ஆணி என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தோல் மருத்துவர் எங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண்ணை, பந்து விளையாடும்போது பட்ட காயம் என்றே முதலில் எண்ணினார்களாம். 1977இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981இல் தமது 36ஆம் வயதில் அவர் இறந்தார். உலகறிந்த மனிதருக்கே அப்படி என்றால், ஓட்டு வீட்டில் இருந்த எங்கள் மோதினாருக்கு நாங்கள் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்!

இங்கே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புர்கா அணிந்தால் தோல் புற்றுநோய் வராது என்று சில மேடைகளில் முழங்குகிறார்கள். ஆடை வெயிலைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஹிஜாப் நம் பெண்கள் இறைக் கட்டளைக்காக அணிவது. அதை மருந்துச் சீட்டாக்க வேண்டியதில்லை. காலுறைக்குள் இருக்கும் பாதத்திலும் இந்நோய் வரும் என்பதை அறியாத ஒரு சகோதரி, அந்த முழக்கத்தை நம்பித் தன் புள்ளியைக் காட்டாமல் இருந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

பழைய தழும்பையும் பாருங்கள்

நம் நாட்டில் செதிட்செல் புற்று, வெயிலால் மட்டுமின்றிப் பழைய தழும்புகளிலும் ஆறாத புண்களிலும் தோன்றுகிறது. தீப்புண் ஆறி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பிலேயே புண் கிளம்பும். இத்தகைய புண்ணுக்கு, 1828இல் தழும்புப் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலினின் பெயரையே மருத்துவ உலகம் வைத்திருக்கிறது. கல்யாண வீடுகளில் தேக்சாவின் முன் நின்று கையைச் சுட்டுக்கொண்ட பண்டாரிகளும், சிறுவயதில் கொதிநீர் கொட்டிய தழும்புள்ள நம் தாய்மார்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: ஆறிப்போன தழும்பு திரும்ப வெடித்து, வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அது சும்மா வரும் புண் அன்று.

காஷ்மீரத்து மக்கள் குளிருக்காக ‘காங்கிரி’ என்னும் நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அந்தச் சூடு ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டு வயிற்றிலும் தொடையிலும் வரும் தோல் புற்றை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வேட்டியையோ பாவாடை நாடாவையோ இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் ஏற்படும் உரசல், நிறமாற்றமும் தடிப்புமாகி, சிலரிடம் புற்றாகவும் மாறியிருக்கிறது. நாடாவைத் தளர்த்துவதும், அகலமான பட்டியாகக் கட்டுவதும், அந்த இடத்தில் புண் வந்தால் மறைக்காமல் இருப்பதும் செலவில்லாத தடுப்பு முறைகள்.

தொழுகைத் தழும்பைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுவோம். நெற்றியிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் சுஜூதினாலும் இருப்பினாலும் தோல் தடித்துக் கறுப்பது உண்டு. அது தீங்கில்லாதது. ஆனால் அது பல ஆண்டுகளில், மெல்ல, ஒரே சீரான நிறத்தில், தரையில் அழுந்தும் இடத்தில் மட்டும் வரும். சில மாதங்களில் வளர்வதும், பல நிறம் காட்டுவதும், கசிவதும் தொழுகைத் தழும்பின் இயல்பு அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் தழும்புக்குப் புனிதம் கற்பித்தவர்கள் நாங்கள். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

உளூவோடு ஒரு பார்வை

உளூவில் நாம் கழுவும் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள். கை, முகம், கால். விரல்களுக்கு இடையில் விரல் விட்டுக் கோதிக் கழுவுவது சுன்னத். கால் விரல்களை இடக்கையின் சுண்டுவிரலால், வலக்காலின் சுண்டுவிரலில் தொடங்கி இடக்காலின் சுண்டுவிரலில் முடிக்கும்படி ஃபிக்ஹு நூல்கள் கற்றுத் தருகின்றன. நம் நிறத்தவருக்கு மெலனோமா ஒளிந்துகொள்ளும் இடங்களை இத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தால், உள்ளங்கை, நகம், விரலிடுக்கு, உள்ளங்கால் என எல்லாமே உளூவின் எல்லைக்குள் வருகின்றன. உளூ கடமையாக்கப்பட்டது இதற்காக என்று நாம் சொல்லவில்லை. வணக்கத்திற்கு நாம் காரணம் கற்பிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை கை படும் இடத்தில் மாதம் ஒரு முறை கண்ணும் படட்டும் என்றுதான் சொல்கிறோம்.

மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று குளிக்கும்போது, நல்ல வெளிச்சத்தில், உள்ளங்காலின் அடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். முதுகையும் பிடரியையும் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம். முதியவர்களின் பாதத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மருதாணி இடும் முன் நகத்தையும் உள்ளங்கையையும் பார்த்துவிடுங்கள்; மருதாணிச் சிவப்பு பல வாரங்களுக்கு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

மருத்துவர்கள் கவனிக்கச் சொல்லும் அடையாளங்கள் ஐந்து. ஒரு மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒத்திராமல் இருப்பது. அதன் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் ஒழுங்கற்று இருப்பது. ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் எனப் பல நிறம் காட்டுவது. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் அடிப்பக்க அகலத்திற்கு மேல் பெரிதாக இருப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அளவோ நிறமோ வடிவமோ மாறிக்கொண்டே இருப்பது. பாதத்தில் இருப்பதற்கு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காரணமின்றி இரத்தம் கசிவது, இரண்டு மாதமாகியும் ஆறாத புண். நகத்தில் என்றால், ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கருங்கோடும், நகத்தைத் தாண்டிச் சதையிலும் படரும் கறுப்பும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். நம் மக்களில் பலருக்கு உள்ளங்காலில் சிறு பழுப்புப் புள்ளிகளும், பல நகங்களில் மெல்லிய கோடுகளும் இயல்பாகவே இருக்கும். பெரும்பாலான மச்சங்கள் வெறும் மச்சங்களே. ஆனால் எது எது என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அன்று. தோல் மருத்துவரின் வேலை.

வெயிலில் உழைப்பவர்களுக்கு ஒரு சொல். வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலையில் இருக்கும் நம் சகோதரர்கள் பலர். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. வெப்பத் தாக்கைத் தடுக்க வந்த சட்டமாயினும் அது தோலுக்கும் காப்பே. அந்த நேரத்தைக் கூடுதல் கூலிக்கு விற்றுவிடாதீர்கள். அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கை ஆடையும் அணியுங்கள். பிறவியிலேயே மேனி முழுதும் வெளுத்துப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இயற்கைக் குடை இல்லை. அவர்களை வெயிலில் நிற்க வைக்காமல் இருப்பதும், முழுக்கை ஆடையும் தொப்பியும் சூரியக் காப்புக் களிம்பும் கிடைக்கச் செய்வதும் பெற்றோருக்கும் உஸ்தாதுகளுக்கும் கடமை. மதரஸாவின் முற்றத்துத் தண்டனையிலும் இதை மறக்கக் கூடாது.

தவக்குல் எது, அலட்சியம் எது?

"அல்லாஹ் விட்ட வழி" என்று நாம் சொல்லும் சொல்லில் ஈமானும் இருக்கிறது, சோம்பலும் ஒளிந்திருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டு என்று கற்றுத் தந்த மார்க்கம் இது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது அவரிடம் ஒரு மருத்துவரையே அனுப்பி வைத்தார்கள். அந்த மருத்துவர் நரம்பை வெட்டிச் சூடும் போட்டார். கருஞ்சீரகத்தில் ஷிஃபா உண்டு என்ற நபிமொழியை நாம் நெஞ்சார நம்புகிறோம். அதைச் சொன்ன அதே நாயகம்தான் கத்தி பிடிக்கத் தெரிந்தவரையும் அனுப்பினார்கள். ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டோம். அது எங்கள் பிழை.

தாபிஈன்களில் பேரறிஞர், மதீனாவின் ஏழு சட்ட மேதைகளுள் ஒருவர், அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் மைந்தர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்). கலீஃபா வலீதைக் காணச் சென்ற பயணத்தில் அவர் காலை அரித்துத் தின்னும் நோய் பற்றியது. காலை எடுக்காவிட்டால் உடல் முழுதும் பரவும் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இணங்கினார். அதே பயணத்தில் மகனையும் இழந்தார். அவருடைய பொறுமையை மிம்பர்களில் கண்ணீரோடு சொல்கிறோம். அவர் மருத்துவரின் சொல்லை ஏற்றுக் காலைக் கொடுத்தார் என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். மருத்துவத்தை ஏற்ற பிறகு காட்டிய பொறுமை அது. மருத்துவத்தைத் தள்ளிப் போடுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

எங்களைத் தூங்க விடாத நபிமொழி வேறொன்று உண்டு. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றார்கள் என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்கலாகாதா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற பொருளில் வருந்தினார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸைத் தயம்மும் பாடத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். அது எங்களைப் பற்றியது என்று மோதினாரின் ஜனாஸா அன்றுதான் உறைத்தது.

ஆகவே சக ஆலிம்களுக்கும் உஸ்தாதுகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுவே. மக்கள் நம்மிடம் வரும்போது துஆச் செய்வோம், ஓதிப் பார்ப்போம், ஆறுதல் சொல்வோம். அதே மூச்சில் "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்றும் கேட்போம். நம் தாடிக்கும் தலைப்பாகைக்கும் அவர்கள் தரும் மதிப்பு, நம் வாயிலிருந்து வரும் மருத்துவத் தீர்ப்புக்கும் சேர்ந்தே போய்விடுகிறது.

கத்திக்கு அஞ்சுவோருக்கு

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற சொல் நம் தெருக்களில் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதால் தோல் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் விடுவதால்தான் பரவுகிறது. உண்மையில் அஞ்ச வேண்டியவை நாமே வீட்டில் செய்பவை: சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து மச்சத்தைப் பொசுக்குவது, குதிரை வால் முடியால் மருவைக் கட்டி அறுப்பது, பிளேடால் கால் ஆணியைச் சீவுவது. மேலே தெரிவது மறையும்; அடியில் இருப்பது வளரும்; சோதனைக்குச் சான்றும் இல்லாமல் போகும்.

குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, புற்று சிறியதாகவும் தொடக்க நிலையிலும் முழுமையாக எடுக்கக்கூடிய இடத்திலும் இருந்தால் அறுத்தெடுக்கலாம் என்றும், முற்றிப் பெருத்ததைத் தாம் குணப்படுத்தியதில்லை என்றும் எழுதிச் சென்றார். இன்றைய மருத்துவத்தின் அடிப்படையும் அதுவே. மெலனோமாவின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையை 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் வகுத்தார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அறுத்தெடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆழம் கூடக்கூட நெறிக்கட்டியைச் சோதிக்க வேண்டும், வாய்ப்புக் குறையும். மற்ற இரு வகைப் புற்றுகளும் தொடக்கத்தில் அறுவையாலேயே பெரும்பாலும் முற்றிலும் நீங்குகின்றன.

பரவிய நோய்க்கும் இன்று வழி திறந்திருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புப் படைக்குப் போடப்பட்ட கடிவாளத்தை அவிழ்த்து, அதையே புற்றின் மீது ஏவும் மருந்துகள் 2011 முதல் மெலனோமாவுக்கு வந்துள்ளன. அதற்கு வித்திட்ட ஆய்வுக்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்துகளின் விலை மிக அதிகம். பாதத்தில் வரும் வகைக்கு அவற்றின் பலனும் சற்றுக் குறைவு. உளுந்தளவில் இருக்கையில் சிறு அறுவையோடு முடிவது, பிறகு சொத்தை விற்றாலும் முடியாமல் போகிறது.

சகோதரிகளுக்கும் ஜமாஅத்துக்கும்

நம் பெண்களில் பலர் மறைவிடத்துப் புண்ணை வெட்கத்தால் மறைத்து வைக்கிறார்கள். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் செல்வது சிறப்பு. இல்லையெனில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, தேவையான அளவு மட்டும் ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது நம் சட்டக்கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. இதை மனைவிக்கும் மகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டு ஆண்களே.

செலவுக்கு அஞ்சி வீட்டில் இருப்பவர்களும் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஏழைகளுக்காகவும் திறந்தே இருக்கிறது. எஞ்சும் பயணச் செலவும் மருந்துச் செலவும் ஓர் ஏழை நோயாளிக்கு ஸகாத்திலிருந்து தரத் தகுதியானவை. பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவதற்கு ஓர் இளைஞரை நியமித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, ஒரு ஜும்ஆவுக்குப் பின், தோல் மருத்துவர் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து உட்கார வையுங்கள். பெண்களுக்கு மதரஸாவில் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தானே எல்லோரும் உள்ளே வருகிறோம்!

எங்கள் மதரஸாவில் உளூப் பாடத்தில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். குதிகாலில் ஈரம் பட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகு, பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம். "வீட்டுக்குப் போய் உங்கள் அப்பா, நன்னா, நன்னி காலையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வீட்டுப் பாடமும் கொடுக்கிறோம். சென்ற மாதம் ஒரு சிறுமி, தன் நன்னியின் குதிகாலில் கறுப்பாக ஒன்று இருக்கிறது என்று வந்து சொன்னாள். மறுநாளே மருத்துவரிடம் அனுப்பினோம். வெறும் மச்சம் என்று வந்தது. அந்த மூதாட்டி எங்களைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். வீணாகப் பயமுறுத்திவிட்டீர்களே ஹஜ்ரத் என்றார். அந்தக் கடிதல் எங்களுக்கு இனித்தது.

இறைவா! எங்கள் மோதினாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவாயாக. அறியாமல் சொன்ன எங்கள் சொல்லை மன்னிப்பாயாக. நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும், நோயறியாதோருக்கு விழிப்பையும் தந்தருள்வாயாக. ஆமீன்.